ஒன் பீஸ் பார்க்கலாமா? புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன் பீஸ் என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன் தொடர்) பற்றிப் பேச்செடுத்தாலே முதல் கேள்வி எபிசோடுகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான் வரும். அதையும், அதற்கு அடுத்து வழக்கமாக வருகிற கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கதையின் கடைசிப் பகுதி ரகசியங்களை இதில் தொடவில்லை. நடுவில் சில திருப்பங்களைச் சொல்லாமல் விளக்க முடியவில்லை. அந்த இடங்களில் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறேன்.

கதை என்ன?

கடற்கொள்ளையர்களின் அரசன் கோல் டி. ரோஜரை லோக்டவுன் என்ற ஊரில் பொதுமேடையில் வைத்துக் கொல்கிறார்கள். சாவதற்குச் சற்று முன், தன் சொத்து முழுவதையும் ஓரிடத்தில் விட்டுவிட்டு வந்திருப்பதாகவும் வேண்டுமானால் தேடி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிச் சிரிக்கிறான் ரோஜர். கொள்ளையர்களை மிரட்டி அடக்க நினைத்து நடத்திய தண்டனை, இருக்கிறவன் இல்லாதவன் எல்லோரையும் கப்பலேற வைத்துவிடுகிறது. அந்தச் சொத்தின் பெயர்தான் ஒன் பீஸ். அது கிராண்ட் லைன் என்ற ஆபத்தான கடற்பாதையின் முடிவில் இருப்பதாக நம்பிக்கை.

22 ஆண்டுகள் கழித்து மங்கி டி. லூஃபி என்ற 17 வயதுப் பையன் ஒரு சின்னப் படகில் கிளம்புகிறான். சிறுவயதில் ஒரு டெவில் ஃப்ரூட்டைத் தின்றதால் அவன் உடம்பு ரப்பராகிவிட்டது. அந்தப் பழத்தைத் தின்ற யாருக்கும் நீச்சல் வராது. கடலில் விழுந்தால் கல்லைப் போல மூழ்கிப்போவார்கள். கடற்கொள்ளையர் அரசனாகப் போகிறேன் என்று கிளம்புகிறவனுக்கு நீந்தத் தெரியாது. இந்தத் தொடரின் குணம் என்ன என்று கேட்டால் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லலாம்.

சரி, எத்தனை எபிசோட்?

2025 முடிவில் 1155. மூலமான மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) 1997 ஜூலை 22 அன்று ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கியது. அனிமே 1999 அக்டோபர் 20 அன்று ஃபுஜி டிவியில் தொடங்கியது. தயாரிப்பு டோய் அனிமேஷன். ஆயிரமாவது எபிசோட் 2021 நவம்பரில் வந்தது. தினமும் மூன்று எபிசோட் பார்த்தாலும் 1155-ஐத் தொட ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும்.

ஏன் இவ்வளவு நீளம்?

இரண்டு நீளங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

ஒன்று கதையின் நீளம். எழுதி வரைகிற எய்ச்சிரோ ஓடா 1975-இல் குமாமோட்டோவில் பிறந்தவர். ஐந்து ஆண்டில் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினார். போகப் போக உலகம் பெருகிவிட்டது. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு வரலாறு, ஓர் அரசு, ஒரு சாப்பாடு, ஒரு பழைய பகை என்று வரைந்துகொண்டே போனால் ஐந்து ஆண்டு எங்கே போதும்?

இன்னொன்று தொலைக்காட்சியின் நீளம். மாங்கா வாரத்துக்கு ஓர் அத்தியாயம் வரும், அதிலும் அடிக்கடி ஒரு வாரம் விடுமுறை. அனிமேயோ கால் நூற்றாண்டாகப் பெரிய இடைவெளியே இல்லாமல் வாரா வாரம் ஒளிபரப்பானது. அப்படியானால் ஒருநாள் கதையைப் போய் முட்டத்தானே செய்யும்? முட்டாமல் இருக்க வேகத்தைக் குறைத்தார்கள். முதல் 100 அத்தியாயங்களை 53 எபிசோடுக்குள் முடித்த அதே தொடர், பின்னால் டிரெஸ்ரோசா பகுதியில் சுமார் 100 அத்தியாயங்களுக்கு 118 எபிசோட் எடுத்துக்கொண்டது. கதையில் எதுவும் கூடவில்லை. மோரில் தண்ணீர் விட்டுப் பெருக்கின கணக்குதான்: போன வாரம் நடந்ததைத் திரும்பக் காட்டுவது, ஒருவன் அடி வாங்கினால் சுற்றியிருக்கிற பதினைந்து பேரின் அதிர்ந்த முகத்தை ஒவ்வொன்றாகக் காட்டுவது, ஓடுகிறவனை ஓடவிட்டுக்கொண்டே இருப்பது.

டோய் நிறுவனமே இதை ஒருவழியாக ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபரில் நிறுத்தி, 2025 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கினார்கள். 2026 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோட்தான் என்றும் அறிவித்தார்கள். பத்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

அப்படியானால் கதையின் நீளம் மட்டும் தேவையா? அதையும் சுருக்கியிருக்கலாமே?

முடியாது என்பதுதான் என் கட்சி. ஒன் பீஸின் ருசியே அது மறக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. இதற்கு ஓர் உதாரணம் சொல்லியாக வேண்டும். புரூக் யார் என்று தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

62, 63-ஆம் எபிசோடுகளில் லபூன் என்று ஒரு திமிங்கிலம் வருகிறது. கிராண்ட் லைனின் வாசலில் நின்றுகொண்டு தலையை மலையில் மோதி மோதிக் காயப்படுத்திக்கொள்கிறது. 50 ஆண்டுக்கு முன் ஒரு கொள்ளையர் கூட்டம், திரும்பி வருகிறோம் என்று சொல்லி அதை அங்கே விட்டுவிட்டுப் போனது, வரவே இல்லை. லூஃபி அதன் தலையில் தன் கொடிச் சின்னத்தைக் கிறுக்கி, திரும்ப வந்து உன்னோடு சண்டை போடுவேன், அதுவரை முட்டாதே என்று சொல்லிவிட்டுப் போகிறான். சிரிப்பும் பாவமுமாக ஒரு சின்னக் கதை. அவ்வளவுதான் என்று நினைத்து நாமும் அடுத்த தீவுக்குப் போய்விடுகிறோம்.

337-ஆம் எபிசோடில், பனிமூட்டத்துக்குள் மிதக்கும் ஓர் இற்றுப்போன கப்பலில் தனியாகப் பாடிக்கொண்டிருக்கும் புரூக் என்ற எலும்புக்கூடு வருகிறது. கோமாளிப் பாத்திரம், ஆயிரம் கடி ஜோக். அந்தப் பகுதியின் போக்கில்தான் தெரிகிறது, திமிங்கிலத்தை விட்டுப்போன கூட்டத்தில் மிஞ்சிய ஒரே ஆள் இந்த எலும்புக்கூடு என்று. பகுதி முடிகிற 380 வாக்கில் முழுக் கதையும் வருகிறது: கூட்டாளிகள் ஒவ்வொருவராகச் சாகச் சாகப் பாடிய பாட்டை ஒரு சங்கில் பதிந்துவைத்திருக்கிறான், லபூனிடம் கொண்டுபோய்க் கொடுக்க. அந்தப் பதிவுச் சங்கு கூட அதற்கு நெடுநாள் முன்பே, வானத்துத் தீவுப் பகுதியில், நமக்கு அறிமுகமான பொருள். ஜப்பானில் வாரா வாரம் பார்த்தவர்கள் திமிங்கிலத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் ஏழு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். பையனாக லபூனைப் பார்த்தவன் இளைஞனாக அந்தப் பாட்டைக் கேட்டிருப்பான். இதை 24 எபிசோட் தொடரில் செய்துகாட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். எபிசோடுகளை அடுத்தடுத்து வைத்துவிடலாம், காலத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

எந்த எபிசோட் வரை பார்த்தால் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியும்?

44 வரை. அதோடு அர்லாங் பார்க் பகுதி முடிகிறது. அதிலும் 37-ஆம் எபிசோடின் முடிவுக் காட்சி ஒன்று இருக்கிறது: யாரிடமும் உதவி கேட்காமல் எட்டு ஆண்டாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நாமி என்ற பெண் முதல்முறையாக உதவி கேட்கிறாள். லூஃபி காரணம் எதுவும் கேட்பதில்லை. தன் வைக்கோல் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்துவிட்டு நடக்கிறான், மற்ற மூவரும் எழுந்து கூடச் சேர்ந்துகொள்கிறார்கள். அந்த நடையைப் பார்த்தும் உங்களுக்கு எதுவும் தோன்றவில்லை என்றால் நிம்மதியாக நிறுத்திவிடலாம், மிச்சமுள்ள 1100 உங்களுக்கானவை இல்லை.

சிலர் முதல் மூன்று எபிசோடில் முடிவெடுக்கிறார்கள். அது அவசரம். அனிமேயின் தொடக்கம் கொஞ்சம் சொதப்பல்தான். லூஃபிக்கு அந்தத் தொப்பி எப்படி வந்தது என்ற, மாங்காவின் முதல் அத்தியாயமான கதையை, அனிமே நாலாவது எபிசோடுக்குத் தள்ளிவைத்துவிட்டது.

படம் குழந்தைகள் கார்ட்டூன் மாதிரி இருக்கிறதே?

ஆமாம், கண்ணெல்லாம் பிதுங்கும், தாடை தரையில் விழும், மூக்கு ஒழுகும். ஓடா அழகான அழுகையை வரைவதில்லை. அவர் பாத்திரங்கள் சளி வழிய அழுவார்கள், பல் தெரியச் சிரிப்பார்கள். ஆளுக்கொரு சிரிப்புச் சத்தம் வேறு: லூஃபிக்கு ஷிஷிஷி, புரூக்குக்கு யோஹோஹோ, கொள்ளையர் தலைவர்களில் வெண்தாடிக்கு குராராரா, கருந்தாடிக்கு ஸெஹாஹாஹா. முதலில் இது கிறுக்குத்தனமாகத் தெரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பது யார் என்று சொல்ல ஆரம்பிப்பீர்கள்.

பழைய எபிசோடுகளின் படத்தரம் 1999-இன் தரம்தான், சதுரத் திரை. 2019-இல் தொடங்கிய வானோ பகுதியிலிருந்து வண்ணமும் கோடும் மாறி, அதே தொடரா என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. இஷிதானி மெகுமி இயக்கிய 1015-ஆம் எபிசோடைத் திரையரங்கில் போட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

லூஃபி ஒரு முட்டாள்தானே? அவனைப் போய் ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்?

முட்டாள்தான். கணக்கு வராது, வரைபடம் புரியாது, முன்கதை சொன்னால் தூங்கிவிடுவான். ஆனால் எதிரே நிற்கிறவனுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் அவனுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அவன் அரசனாக ஆசைப்படுவதும் யாரையும் ஆள அல்ல. கடலிலேயே அதிகச் சுதந்திரத்தோடு இருப்பவன்தான் கொள்ளையர் அரசன் என்று அவனே சொல்கிறான். தன்னை வீரன் என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்வான்: வீரன் என்றால் தன் இறைச்சியைப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும், கொள்ளையன் என்றால் முழுசாகத் தானே தின்னலாம் என்பது அவன் வாதம். ஊரைக் காப்பாற்றிவிட்டு நன்றி சொல்ல ஆள் வருவதற்குள் சாப்பாட்டைத் தேடிப் போகிற நாயகன் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

கூட்டத்தில் யார் யார்?

சோரோ வாள்வீரன், நாமி வழிகாட்டி, உசோப் குறிபார்த்து அடிப்பவன், பொய்யனும் கூட. சஞ்சி சமையல்காரன், சாப்பர் மருத்துவன் (கலைமான்), ராபின் தொல்லியல் அறிந்தவள், ஃபிராங்கி தச்சன், புரூக் பாடகன், ஜிம்பே சுக்கான் பிடிப்பவர். ஒவ்வொருவருக்கும் தனிக் கனவு உண்டு. நாமிக்கு உலகம் முழுவதையும் வரைபடமாக்க வேண்டும், சஞ்சிக்கு எல்லாக் கடல் மீனும் கிடைக்கும் ஒரு கடலைப் பார்க்க வேண்டும். லூஃபியின் ஆசைக்காக யாரும் தன் ஆசையை விட்டுக்கொடுத்து வந்தவர்கள் இல்லை.

வேடிக்கைத் தகவல் ஒன்று: வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதியில், இவர்கள் நிஜ உலகில் பிறந்திருந்தால் எந்த நாடு என்று ஓடா சொல்லியிருக்கிறார். லூஃபிக்கு பிரேசில், சஞ்சிக்கு பிரான்ஸ், ராபினுக்கு ரஷ்யா. ஜிம்பேக்கு இந்தியா!

வெறும் சண்டைத் தொடரா, வேறு ஏதாவது இருக்கிறதா?

சண்டை நிறைய இருக்கிறது. ஆனால் கதையின் மையத்தில் இருப்பது ஓர் அரசு மறைத்துவைத்த வரலாறு. இந்த உலகத்தில் சுமார் எட்டு நூறு ஆண்டுக்கு முந்திய ஒரு நூறு ஆண்டின் வரலாறே கிடையாது. உலக அரசு அதை ஆராயக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. அந்த வரலாறு அழிக்க முடியாத கற்களில் செதுக்கப்பட்டு உலகெங்கும் கிடக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் ஓஹாரா தீவின் அறிஞர்கள். அரசு அந்தத் தீவையே நூலகத்தோடு சேர்த்துக் கொளுத்திவிடுகிறது. தப்பியது எட்டு வயதுச் சிறுமி ராபின் மட்டும். படிக்கத் தெரிந்த குற்றத்துக்காக அவள் தலைக்கு 7.9 கோடி பெரி (அந்த உலகத்துப் பணம்) விலை வைக்கிறார்கள்.

(இந்தப் பத்தியில் எனீஸ் லாபி பகுதியின் உச்சக்காட்சி வருகிறது.) இருபது ஆண்டு ஓடி ஒளிந்து, தான் வாழ்வதே பிறருக்குக் கேடு என்று நம்பத் தொடங்கிய அவளை அரசு பிடித்துவைக்கிறது. எதிர்க் கட்டடத்தின் உச்சியில் நிற்கிற லூஃபி, உலக அரசின் கொடியைச் சுட்டு எரிக்கச் சொல்கிறான். உலகத்தையே எதிரியாக்கிக்கொண்ட பிறகுதான் அவளைக் கேட்கிறான், வாழ ஆசை என்று உன் வாயால் சொல் என்று. அவள் கத்திச் சொல்கிற 278-ஆம் எபிசோடை ரசிகர்கள் இன்றுவரை எண்ணோடு நினைவு வைத்திருக்கிறார்கள்.

அடுத்து மீன்மனிதர்கள். அர்லாங் என்ற மீன்மனிதன் முதலில் வெறும் கொடுங்கோலனாக வருகிறான், நாமும் அதோடு அவனை மறந்துவிடுகிறோம். ஐந்நூறு எபிசோட் தாண்டி மீன்மனிதர் தீவுக்குப் போனால், அவன் எங்கிருந்து முளைத்தான் என்று தெரிகிறது: மனிதர்கள் அவன் இனத்தைப் பிடித்து விற்ற கதை, அடிமைகளை விடுவித்த ஃபிஷர் டைகரின் கதை, வெறுப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று தெருத்தெருவாக மன்றாடிய அரசி ஒட்டோஹிமேயின் கதை. அதற்கு அடுத்த தலைமுறை வில்லன் ஹோடியிடம், மனிதர்கள் உனக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை என்கிறான். கேட்டு வளர்ந்த வெறுப்பு மட்டுமே அவனிடம் இருக்கிறது. மனிதர்களுக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது என்று அந்தத் தீவில் சட்டமே உண்டு. லூஃபி ரத்தமிழந்து கிடக்கும்போது சட்டத்தை மீறிக் கையை நீட்டுகிறவர் மீன்மனிதரான ஜிம்பே. இந்தக் காட்சியின் கனம் நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யாரும் சாவதே இல்லை என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. முன்கதைகளில் கொத்துக்கொத்தாகச் சாவார்கள், நடப்புக் கதையில் குண்டு வெடித்தாலும் கட்டுப் போட்டுக்கொண்டு விருந்துக்கு வந்துவிடுவார்கள். சில இடங்களில் இது ஏமாற்று வேலையாகவே தெரிகிறது. ஆனால் மரின்ஃபோர்டு போரில் ஒரு சாவு இருக்கிறது. யார் என்று சொல்ல மாட்டேன்; இணையத்தில் தேடவும் வேண்டாம். அப்புறம் 312-ஆம் எபிசோடில் ஒரு கப்பலுக்கு விடைகொடுப்பார்கள். மரக்கப்பலுக்காக அழுவோமா என்று சிரித்துவிட்டுப் போனவர்கள் பலர், அழுதுதான் திரும்பினார்கள்.

நிஜக் கொள்ளையர்களோடு ஏதாவது தொடர்பு உண்டா?

பெயர்களில் நிறைய. 1718-இல் கொல்லப்பட்ட கருந்தாடி எட்வர்ட் டீச்சின் பெயரை ஓடா இரண்டாக உடைத்து, எட்வர்டை வெண்தாடிக்கும் டீச்சைக் கருந்தாடிக்கும் கொடுத்துவிட்டார். இருவரும் ஜென்மப் பகையாளிகள் ஆவது தெரிந்ததும் இந்தப் பங்கீட்டின் குறும்பு புரியும். சோரோவின் ரொரொனோவா பிரெஞ்சுக் கொள்ளையன் லொலொனேயிடமிருந்து வந்தது. பார்த்தலோமியூ ராபர்ட்ஸ், ஆன் போனி, வில்லியம் கிட், எட்வர்ட் லோ என்று பலரின் பெயர்த் துண்டுகள் உள்ளே கிடக்கின்றன. கடற்படைத் தளபதிகளுக்கு மட்டும் வேறு கணக்கு: அவர்களின் முகமும் தோரணையும் ஜப்பானியத் திரைநடிகர்களுடையவை. அகாயினு என்றால் சுகவரா புன்தா, கிசாரு என்றால் தனகா குனியே.

ஃபில்லர் எபிசோடுகளை விட்டுவிடலாமா?

தாராளமாக. நீளத்தோடு ஒப்பிட்டால் மூலத்தில் இல்லாத எபிசோடுகள் இதில் குறைவுதான். 196 முதல் 206 வரை உள்ள ஜி-8 கடற்படைத் தளப் பகுதியை மட்டும் விடாதீர்கள். மாங்காவில் இல்லாத கதை, ஆனால் ஓடாவே எழுதியதோ என்று சந்தேகம் வரும்.

மாங்காவா, அனிமேயா?

நேரம் குறைவு என்றால் மாங்கா. கதையின் வேகம் அதில்தான் சரியாக இருக்கிறது. அனிமேயில் கிடைப்பது குரலும் இசையும். நடுவழி ஒன்று உண்டு: 500 வரை அனிமே பார்த்துவிட்டு, இழுவை தாங்காத இடத்தில் மாங்காவுக்கு மாறி, வானோவில் திரும்பவும் அனிமேக்கு வருவது. டிரெஸ்ரோசாவை அனிமேயில் முழுதாகப் பார்த்தே தீருவேன் என்று அடம் பிடிப்பவர்களுக்கு என் வணக்கம்.

மாங்காவின் வீச்சு எவ்வளவு என்றால், ஒரே ஆசிரியரின் காமிக்ஸ் தொடரில் அதிகப் பிரதிகள் அச்சானது என்று 2015-இல் கின்னஸ் பதிவு பெற்றபோது எண்ணிக்கை 32 கோடி. 2022-இல் அது 50 கோடியைத் தாண்டியது.

ஜப்பானியக் குரலில் பார்ப்பதா, டப்பிங்கிலா?

முடிந்தால் ஜப்பானியக் குரலும் சப்டைட்டிலும். லூஃபிக்குக் குரல் கொடுப்பவர் தனகா மயூமி என்ற பெண்மணி. தொடங்கும்போது அவருக்கு 44 வயது, எழுபது தாண்டியும் அதே பையனாகக் கத்திக்கொண்டிருக்கிறார். சாப்பரின் குரலான ஓட்டானி இக்குவேதான் பிக்காச்சுவின் குரலும். ஆங்கில டப்பிங்கில் ஒன்றை மட்டும் தவிருங்கள்: 2004-இல் ஃபோர்கிட்ஸ் நிறுவனம் அமெரிக்கப் பிள்ளைகளுக்காகச் செய்தது. அதில் சஞ்சியின் சிகரெட் குச்சி மிட்டாயாக மாறிவிட்டது, பல பகுதிகளை அப்படியே வெட்டிவிட்டார்கள். பின்னால் 2007-இல் ஃபனிமேஷன் எடுத்துச் செய்த டப்பிங் நன்றாக இருக்கிறது.

திரைப்படங்கள்? நெட்ஃபிளிக்ஸ் தொடர்?

திரைப்படங்கள் கதைக்கு வெளியே நிற்பவை, பார்க்காவிட்டாலும் ஒன்றும் குறையாது. ஃபிலிம் இசட் (2012) தனித்து நிற்கிற நல்ல படம். ஃபிலிம் ரெட் (2022) பாடகி அடோவின் பாட்டுகளுக்காகவே ஓடி, ஜப்பானில் சுமார் 2,000 கோடி யென் வசூலித்தது.

நிஜ நடிகர்களை வைத்து எடுத்த நெட்ஃபிளிக்ஸ் தொடரின் முதல் சீசன் 2023 ஆகஸ்ட் 31 அன்று எட்டு எபிசோடுகளாக வந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் எடுத்தார்கள். மெக்சிகோ நடிகர் இன்யாக்கி கொடோய் அந்தச் சிரிப்போடு பிறந்தவர் போல இருக்கிறார். அர்லாங் பார்க் வரையிலான கதையை எட்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவதால், வீட்டில் உள்ளவர்களை இழுக்க நல்ல தூண்டில். தொடக்கத்திலிருந்து புதிதாக அனிமே எடுக்கப் போவதாக விட் ஸ்டுடியோவும் 2023 டிசம்பரில் அறிவித்தது.

பெண் பாத்திரங்களை வரைகிற விதம் சங்கடமாக இருக்கிறதே?

இருக்கிறது. ஆண்களை முக்கோணமாக, உருளையாக, தவளையாக, என்ன வடிவத்தில் வேண்டுமானாலும் வரைகிற ஓடாவின் பேனா, இளம் பெண் என்றால் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது. கதையில் இரண்டு ஆண்டுகள் தாண்டிச் செல்லும் இடத்துக்குப் பிறகு, அதாவது 517-க்குப் பிறகு, இது இன்னும் கூடிவிட்டது. சஞ்சி ஜொள்ளு விடுகிற நகைச்சுவை பத்தாவது தடவைக்கு மேல் சிரிப்பு தராது. நாமியையும் ராபினையும் இவ்வளவு ஆழமாக எழுதத் தெரிந்தவர் இதை ஏன் செய்கிறார் என்ற எரிச்சல் ரசிகர்களுக்கே உண்டு. அதற்குச் சமாதானம் எதுவும் சொல்வதற்கில்லை.

சிறு பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால், கூட உட்கார்ந்து பார்க்கலாம். ரத்தம், அடிமை விற்பனை, மேலே சொன்ன விஷயம் எல்லாம் வரும். முதல் 60 எபிசோடுகளில் இவை குறைவு.

போராட்டங்களில் லூஃபி கூட்டத்தின் கொடியைப் பிடிக்கிறார்களே, ஏன்?

2025 ஆகஸ்டில், இந்தோனேசியாவின் 80-ஆவது சுதந்திர தினத்துக்கு முன், லாரிகளிலும் வீடுகளிலும் வைக்கோல் தொப்பி மண்டையோட்டுக் கொடி பறந்தது. அரசு மீதான கசப்பைக் காட்டுகிற வழியாக அது பரவ, அதிகாரிகள் கண்டித்தார்கள். அடுத்த மாதம் நேபாளத்து இளைஞர் போராட்டத்தில் அந்நாட்டு அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் வாசலில் அதே கொடி தொங்கியது. பிறகு மடகாஸ்கர் வரை போனது.

எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத கொடி என்பது ஒரு வசதி. பார்த்தவுடன் புரிவது இன்னொரு வசதி, ஏனென்றால் அந்த வயதுக்காரர்கள் எல்லோருக்கும் எனீஸ் லாபியில் எரிந்த கொடி நினைவிருக்கிறது. மேட்டுக்குடிகள் கண்ணாடிக் குமிழுக்குள் தலையை விட்டுக்கொண்டு, சாதாரண மக்கள் விடுகிற மூச்சுக்காற்று தம்மேல் படக் கூடாது என்று நடந்துபோகிற உலகம் அது. சபாவோடித் தீவில் அப்படி ஒருவன் முகத்தில் லூஃபி விடுகிற குத்துக்கு முன், ஒரு முழு எபிசோட் நம்மைப் பொறுமையிழக்க வைத்திருப்பார்கள்.

ஜப்பானுக்குப் போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

குமாமோட்டோ போங்கள். 2016 நிலநடுக்கத்தில் அந்த மாகாணம் நொறுங்கியபோது ஓடா தன் சொந்த ஊருக்குப் பெருந்தொகை கொடுத்தார். பதிலுக்கு மாகாணம் 2018-இல் அரசு அலுவலக வளாகத்தில் லூஃபிக்கு வெண்கலச் சிலை வைத்தது. தொடர்ந்து மற்ற ஒன்பது பேருக்கும், பாதிக்கப்பட்ட ஊர்களில் ஆளுக்கொரு சிலை. சாப்பர் விலங்குப் பூங்காவில் நிற்கிறான். ராபின், நிலநடுக்கத்தில் சேதமான பழைய பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறாள். யார் யோசித்தார்களோ, பொருத்தமான இடம். சிலைகள் தூரம் தூரமாக இருப்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள்.

கடைசியில் அந்தப் புதையல் என்ன? நட்புதான் புதையல் என்று முடித்துவிடுவார்களா?

அப்படி முடிக்க மாட்டேன், கையில் எடுக்கிற மாதிரி ஒரு பொருள்தான் என்று ஓடா பலகாலம் முன்பே சொல்லிவிட்டார். கடைசிப் பெரும் பகுதி மாங்காவில் 2022 ஜூலையில் தொடங்கிவிட்டது. ஐந்து ஆண்டில் முடிப்பேன் என்று 1997-இல் நினைத்தவர் கணக்கு இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, இப்போதே தொடங்கினாலும் நீங்கள் அவரை எட்டிப்பிடிக்க அவகாசம் இருக்கிறது. முதல் எபிசோடில் ஒரு பீப்பாய் மிதந்து வரும், அதற்குள் ஆள் தூங்கிக்கொண்டிருப்பான்.